விளையாட்டுக்காக வாதாடும் தகப்பன்

பெற்றோரில் பல வகை உண்டு. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள் ஒரு வகை; பிள்ளையின் வகுப்பு ஆசிரியைக்கே பாடத்தை நினைவூட்டுபவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராமல், பெற்றோர் கூட்டத்தன்று மட்டும் பூக்கிற அபூர்வ வகை ஒன்று இருக்கிறது. அதுதான் விளையாட்டுக்காக வாதாடும் தகப்பன்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கியிருக்காது. முன்வரிசையில் உட்காரமாட்டார், எழுந்து பேசும்போது நாலு பேர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால்தானே பேச்சுக்கு மரியாதை? கணக்கில் ஏன் மார்க் குறைந்தது, கழிப்பறையில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று மற்றவர்கள் கேட்டு ஓயும்வரை காத்திருந்து, தலைமையாசிரியை "வேற ஏதாவது?" என்றபடி தன் கைப்பையை எடுக்கிற அந்த நொடியில் எழுந்து, தொண்டையைச் செருமி, "சுவர் இருந்தாத்தானே மேடம் சித்திரம் வரைய முடியும்?" என்பார். சுவர் என்றால் உடம்பு, சித்திரம் என்றால் படிப்பு. இதற்கு விளக்கம் யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் விளக்குவார்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளர். மற்ற பெற்றோர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சுவர் சார். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. கோபம் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்தே போனார்.

மனிதர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மகள்மேல் உயிர். எட்டாம் வகுப்புப் பெண் அவள். ஓடத் தெரியும் என்பதைவிட, நடக்கத் தெரியாது என்பதுதான் அவளைப் பற்றிச் சரியான செய்தி. நால்வர் கட்டையைக் கைமாற்றிக்கொண்டு ஓடுகிற தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள். பள்ளிகளுக்கு இடையிலான பந்தயம் வரப்போகிறது. நான்கு பெண்களும் சேர்ந்து பழகக் கிடைப்பது வியாழக்கிழமையின் விளையாட்டுப் பாடவேளை ஒன்றுதான். அதையும் கணக்கு ஆசிரியை பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

"அப்பா, மீட்டிங்ல அந்த பி.டி. பீரியடைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுப்பா," என்றாள் மகள்.

"விடு, அப்பா பாத்துக்கறேன்."

"அதை மட்டும் கேளு. வேற எதுவும் பேசாதே."

தகப்பனை அறிந்த பிள்ளை.

கூட்டத்தில் அவர் கேட்கவும் செய்தார். சுவருக்கும் சித்திரத்துக்கும் அடுத்த வாக்கியமே அதுதான். தலைமையாசிரியைக்கு வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம். "நியாயம்தான் சார். இனிமே அந்த பீரியட் பி.டி.க்குத்தான்," என்று ஒரே வரியில் கொடுத்துவிட்டார்.

காரியம் பலித்துவிட்டது. அங்கேயே அவர் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் படிக்க ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் குளியலறையில் ஒத்திகை பார்த்த பேச்சு பாக்கி இருக்கும்போது, கேட்டது கிடைத்துவிட்டது என்ற அற்பக் காரணத்துக்காக ஒரு மனிதன் வாயை மூடிக்கொள்ள முடியுமா?

"வெறுமனே விளையாட விட்டா ஆச்சா மேடம்? தரம் வேண்டாமா?"

தரம் என்ற சொல் அந்த அறையில் வத்திக்குச்சி போல விழுந்தது. கிளம்ப எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். உண்மைதானே, தரம் வேண்டாமா? தரம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒரு பல் மருத்துவர் அம்மா கேட்டார். எல்லோரும் யோசித்தார்கள். பிள்ளை வியர்த்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பரீட்சை வச்சாத் தெரிஞ்சிடப் போகுது," என்றது. அறை முழுக்க நிம்மதிப் பெருமூச்சு.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. குழு ஒன்று அமைந்தது. சுவர் சார் தலைவர். விளையாட்டு ஆசிரியரையும் ஒரு நாள் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். பந்துகளில் காற்று இல்லை என்றும், மைதானத்தின் ஒரு மூலையில் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது என்றும் அவர் சொன்னார். அவற்றை 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின்கீழ் சேர்த்துக்கொள்வதாகத் தலைவர் பெருந்தன்மையோடு வாக்களித்தார். இதர விஷயங்களுக்கு வருவதற்குள் எல்லாக் கூட்டங்களிலும் பிஸ்கட் தீர்ந்துவிட்டது. பாடத்திட்டம் வந்தது. புத்தகம் வந்தது. மாதத் தேர்வு வந்தது. மதிப்பெண் அட்டையில் அறிவியலுக்குக் கீழே விளையாட்டுக்கும் ஒரு கட்டம் வந்தது.

வியாழக்கிழமைதோறும் அந்தப் பாடவேளை தவறாமல் நடந்தது. கணக்கு ஆசிரியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தில் விசில் தொங்க, விளையாட்டு ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார்: ஓட்டம் என்றால் என்ன? அதன் வகைகள் யாவை? பெண்கள் அளவுகோல் வைத்து ஓடுபாதை வரைந்து பாகங்களைக் குறித்தார்கள். வெளியே மைதானத்தில் காக்கைகள் நடை பழகின.

"இன்னிக்கு என்னம்மா நடத்தினாங்க?" என்று சுவர் சார் மகளை ஆசையாகக் கேட்பார்.

"கட்டையை எந்தக் கையில வாங்கணும்னு படம் வரைஞ்சோம்."

"சபாஷ்."

"ஓடினீங்களாடி?" என்பாள் துணி மடித்துக்கொண்டிருக்கும் தாய்.

"போர்ஷன் இன்னும் முடியலையாம், அம்மா. முடிஞ்சதும் விடுவாங்களாம்."

மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். "முன்னெல்லாம் வியாழக்கிழமை ஆனா இவ சட்டையைக் கசக்கி எனக்குக் கை விட்டுப்போகும். இப்ப போட்டுக்கிட்டுப் போன மாதிரியே திரும்பி வருது. உங்க புண்ணியத்துல எனக்கு சோப்பு மிச்சம்."

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பந்தய நாளும் வந்தது. சுவர் சார் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், பந்தல் நிழலில் அமர்ந்து, வேறொரு பள்ளியின் தகப்பனுக்குத் தரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கி வெடித்தது. அவருடைய மகளின் அணி மூன்றாவது ஆள்வரை இரண்டாம் இடத்தில் வந்தது. மகள் கையைப் பின்னால் நீட்டினாள். விரல்கள் படத்தில் இருந்தபடியே விரிந்திருந்தன, கோணம்கூடப் பிசகவில்லை. ஆனால் படத்தில் கட்டையை நீட்டிய பெண் மூச்சிரைக்க ஓடிவந்தவள் இல்லையே. விரல்நுனியில் பட்ட கட்டை கீழே விழுந்து உருண்டது.

தகப்பன் தன்னையறியாமல் எழுந்து நின்றார். மற்ற பெண்கள் எல்லையைத் தொட்டுத் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இவள் குனிந்து, கட்டையை எடுத்து, ஓடினாள். யாரும் பார்க்காத ஓட்டம். பாதி தூரம் போன பிறகு கால் பழையபடி பிடிபட்டுவிட்டது. யாரோ துரத்துவதுபோல ஓடினாள். எல்லையைத் தாண்டியும் நிற்காமல், வேலிவரை போய்த்தான் நின்றாள்.

அவர் வேலியருகே போனார். மகளுக்கு முழங்கால்வரை செம்மண். முகம் கன்றிப்போயிருந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"அப்பா, எவ்வளவு நாள் ஆச்சுப்பா ஓடி," என்றாள்.

அவர் மகளின் தலையில் கை வைத்தார். என்ன சொல்வது என்று தேடினார். மனத்தில் ஏதோ ஒன்று சரியாகத்தான் உருண்டு வந்துகொண்டிருந்தது; ஆனால் அது வந்து சேருவதற்குள், வருஷக்கணக்காகப் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"போனாப் போகுது விடும்மா. நேத்து பி.டி. பேப்பர் குடுத்தாங்களே, எவ்வளவு?"

அவள் முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு எண்ணைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

வாசகரே, அந்த எண்ணை இங்கே எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. வியாழக்கிழமைகள் அந்தப் பெண்ணுக்குத் திரும்பக் கிடைத்தனவா என்பதை நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால் நல்லது. ஆனால் "அதெல்லாம் இருக்கட்டும், எவ்வளவுதான் வாங்கினாள்?" என்று ஒரு கேள்வி உங்கள் நாக்கு நுனிவரை வந்திருந்தால், சங்கோஜப்பட வேண்டாம். குழுவில் இன்னும் இடம் இருக்கிறது.