முப்பத்தாறு கம்பிச் சக்கரம்

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஸ்ரீபெரும்புதூர் போய், ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு ரிம்மும் ரெண்டு ஷாக் அப்சார்பரும் மாட்டிவிட்டு, சாயங்காலம் காபி நேரத்துக்குப் பூந்தமல்லி வீட்டில் இருக்க வேண்டும்.

எதற்கு என்று கேட்பீர்கள். ரேஸுக்கு.

யாருக்கு என்று கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஃபாரம் வாங்கப் போனபோது அங்கே இருந்தவர் அதைத்தான் கேட்டார். "தம்பிக்காம்மா?" என்றார். எனக்குத் தம்பி கிடையாது என்றேன். அப்படியானால் அண்ணனுக்கா என்றார். விதிமுறைப் புத்தகத்தைக் கையில் வாங்கி, ஓட்டுகிறவர் ஆணாக இருக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் வாதாடினோம். அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் நான் ஜெயித்தேன்.

ஃபாரத்தில் ஒரே ஒரு சிக்கல். இருபத்தொரு வயது ஆகாதவர்கள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். எனக்கு இருபது. என் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஸ்கூட்டரை முப்பதுக்கு மேல் ஓட்டினால் பெட்ரோலோடு ஆயுளும் குறையும் என்று நம்புகிறவர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியையும் ஃபாரத்தையும் டிராக்கில் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரேஸ். சனிக்கிழமை காலை அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு, கத்தி தாடையில் இருக்கும்போது, வாயைத் திறக்க முடியாத நேரமாகப் பார்த்துக் கையெழுத்து வாங்குவதாகத் திட்டம் போட்டிருந்தேன். அதுவரை வீட்டில் சொன்னது, காலேஜில் பிராக்டிகல். மெக்கானிக்கல் படிக்கிற பெண் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதைப் பிராக்டிகல் என்று சொல்வது முழுப் பொய்யாகாது.

வண்டி ஏகாம்பரம் அண்ணனுடையது. ஸ்ரீபெரும்புதூரில் ஹைவே ஓரமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். தண்டலத்துக் காலேஜுக்கு நான் போய்வருகிற மொபெட்டுக்கு அவர்தான் வைத்தியர். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ரெண்டு சைலன்சர் வைத்த பழைய வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. கோழி ஒன்று அதன் சீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இதை ரேஸ் வண்டியாக்கலாமா அண்ணா என்று ஒருநாள் கேட்டேன். அண்ணன் கோழியைக் கலந்தாலோசிக்காமல் சரி என்றுவிட்டார். பெட்ரோல் டாங்கியில் 'ஏகாம்பரம் ஒர்க்ஸ்' என்று பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டும், அது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

எஞ்சினை ஒரு மாதமாகத் தேய்த்துச் சரிசெய்துவிட்டோம். பாக்கி இருந்தது சக்கரமும் ஷாக் அப்சார்பரும்.

ஷாக் அப்சார்பரை முதலில் மாட்டினோம். வேறொரு பெரிய வண்டியிலிருந்து கழற்றியது, பழசை விட ரெண்டு அங்குலம் நீளம். பின்பக்கம் தூக்கினால் முன்பக்கம் சடக்கென்று திரும்பும் என்று நான் நோட்டில் ரெண்டு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மாட்டியதும் ஸ்டாண்டு தரையில் படவில்லை. அடியில் செங்கல் வைத்தோம். ஏறி உட்கார்ந்தேன். என் காலும் தரையில் படவில்லை. கணக்கில் வண்டியின் உயரத்தைச் சேர்த்திருந்தேனே தவிர என்னுடைய உயரத்தைச் சேர்க்கவில்லை.

"கால் எட்டலியேம்மா" என்றார் அண்ணன்.

ரேஸில் யாரும் காலை ஊன்றிக்கொண்டு ஓட்டுவதில்லை அண்ணா என்றேன். அவர் இன்னொரு செங்கல் எடுக்கப் போனார்.

அடுத்தது சக்கரம். பழைய ரிம் இரும்பு. துரு ஏறி, எடையும் அதிகம். புதுப்பேட்டைக்குப் போய் அலுமினிய ரிம் ரெண்டு வாங்கி வந்திருந்தேன். கடைக்கார பாய், கம்பி கோக்க எத்தனை ஓட்டைம்மா வேணும் என்று கேட்டார். ஒரு ஆண்பிள்ளை வந்திருந்தால் இப்படிப் பரீட்சை வைப்பாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டும் விட்டேன். ரேஸ் ரிம் என்றால் என்ன, அலுமினியத்தின் குணம் என்ன என்று பத்து நிமிஷம் அவருக்கு வகுப்பெடுத்தேன். பாய் மறுபேச்சுப் பேசாமல் நான் காட்டிய ரிம்மை எடுத்து நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துப் பஸ் ஏறினேன்.

ஏகாம்பரம் அண்ணனும், பழைய சக்கரத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னால் ஓட்டையை ஒரு தடவை எண்ணிக்கலாமே என்றார். நேரம் ஆகிறது, வெட்டுங்கள் என்றேன். துருப்பிடித்த கம்பி ஒவ்வொன்றையும் கட்டரால் வெட்டிப் போட்டார். அதற்கப்புறம் எண்ணினார்.

சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பில் முப்பத்தாறு ஓட்டை. நான் வாங்கி வந்த ரிம்மில் நாற்பது. முப்பத்தாறு கம்பியை நாற்பது ஓட்டையில் எப்படி மாட்டுவது? மாட்ட முடியாது. பழைய சக்கரத்துக்கும் திரும்ப முடியாது, அது துண்டுதுண்டாகத் தரையில் கிடந்தது.

"நீங்க தப்பா எண்ணியிருக்கீங்க" என்றேன்.

"அப்ப நீயே எண்ணும்மா" என்றார். வெறுமனே எண்ணினால் வட்டத்தில் எங்கே ஆரம்பித்தோம் என்று மறந்துபோகும், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கம்பியை விட்டு எண்ணு என்று ஒரு கட்டுப் புதுக்கம்பியையும் என் மடியில் போட்டார். எதிரில் இருக்கிற எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாயிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

போகிறவரைக் கூப்பிட்டு, அப்படியே எங்கள் வீட்டுக்கும் லேட்டாகும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு வக்கீல் மாமாவின் நம்பரைக் கொடுத்தேன்.

அந்த போனில் நடந்த பேச்சை ரெண்டு பேரும் பின்னால் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். சேர்த்து எழுதுகிறேன்.

"சார், ஸ்ரீபெரும்புதூர்லர்ந்து பேசறேன். உங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு கல்பனா இங்க கம்பி எண்ணிகினு கீது. வூட்டுக்கு வர லேட்டாவும்."

வக்கீல் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "என்ன விஷயமா?"

"வண்டி விஷயம் சார். தப்பு தன்னுதுதான்னு ஒத்துக்கவே மாட்டேங்குது."

"ரொம்ப நல்லது. ஒத்துக்கவே கூடாது. நான் வர்ற வரைக்கும் வாயத் தொறக்க வேணாம்னு சொல்லுங்க."

"அதைத்தான் சார் நானும் காலைலர்ந்து சொல்லிகினு கீறேன்."

பூத்திலிருந்து திரும்பி வந்த அண்ணன் ரெண்டு சேதி சொன்னார். ஒன்று, முப்பத்தாறு ஓட்டை ரிம்மைப் பாய் அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிட்டாராம், அந்தப் பொண்ணு எப்படியும் வரும் என்று. இன்னொன்று, வக்கீல் என்னை வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டும் ஒரு பெண்ணை வாயை மூடச் சொல்வார்களா? அந்தக் கோபத்தில் எண்ணிக்கை விட்டுப்போனது. முதல் தடவை நாற்பது வந்திருந்தது. ரெண்டாம் தடவையும் நாற்பது. கோபத்தோடு எண்ணிய மூன்றாம் தடவை முப்பத்தொன்பது வந்தது. பார்த்தீர்களா அண்ணா, நாற்பது இல்லை என்றேன். அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார்.

இதற்குள் பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. அப்பா முன்னால், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வக்கீல் மாமா பின்னால். அன்றைக்கு அப்பா அறுபதில் ஓட்டினார் என்று வக்கீல் மாமா இன்றைக்கும் சொல்கிறார், சொல்லும்போது எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்.

நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே அப்படி யாரும் இல்லை என்றிருக்கிறார்கள். கணக்கில் காட்டாமல் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வக்கீல் மாமா சட்டப் பிரிவுகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெஞ்சில் இருந்த ஏட்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொண்ணு எப்படி இருக்கும் என்று அடையாளம் கேட்டாராம்.

அப்பா, உயரம் கம்மி, கண்ணாடி போட்டிருக்கும் என்று ஆரம்பித்து, குரல் மட்டும் என்று சொல்லும்போதே ஏட்டு எழுந்துவிட்டார். "காலைலர்ந்து ஏகாம்பரம் கடைல ஒரு பொண்ணு அவராண்ட சண்ட போட்டுகினு கீது. அதுவா பாருங்க."

இப்படியாக, நான்காம் தடவையாக நான் தரையில் சம்மணமிட்டு, முழங்கை வரை கிரீஸோடு, மடியில் ரிம்மை வைத்து "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது" என்று கம்பி எண்ணிக்கொண்டிருந்தபோது, நிமிர்ந்து பார்த்தால் எதிரில் அப்பா, வக்கீல், போலீஸ்.

அப்பா என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

விஷயம் விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போனில் ஒருத்தர் சொன்னால் பெற்ற பெண்ணை உடனே ஜெயிலில் வைத்துப் பார்ப்பீர்களா, என் மேல் உங்களுக்கு இவ்வளவுதான் நம்பிக்கையா என்று கேட்டேன்.

"உன் வாய் மேல இருந்த நம்பிக்கைம்மா" என்றார் அப்பா.

அப்புறம்தான் அவர் வண்டியைப் பார்த்தார். செங்கல் மேல் நிற்கிற, சக்கரமே இல்லாத, பின்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிற வண்டி. இதை யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டார். சோப்பு நுரைக்காகக் காத்திருக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொல்லி, ஃபாரத்தையும் நீட்டினேன். மூலையில் கிரீஸ் கட்டைவிரல் பதிந்திருந்தது.

முடியாது என்றார் அப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் மாமா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். இவ்வளவு தூரம் வந்ததற்கு அவருக்கு ஒரு கேஸ் வேண்டியிருந்தது. நான் விதிமுறைப் புத்தகத்தைக் கொடுக்க, அவர் பக்கம் பக்கமாக வாதாடினார். ஏட்டு சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். ஏகாம்பரம் அண்ணன் டாங்கியில் எழுதியிருந்த பெயரை அழுக்குத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்பா எங்கள் வாதம் எதையும் கேட்ட மாதிரியே தெரியவில்லை. கையிலிருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழி முழுக்க, என் பொண்ணு காரணம் இல்லாம எதையும் செய்ய மாட்டா சார்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றதுக்குச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றார். "இங்க வந்து பாத்தா, அதைக் கேக்க இன்ஸ்பெக்டர் இல்ல. இந்த ஃபாரத்துலயாவது சொல்லிடறேன், பேனா குடு."

கையெழுத்துப் போட்டுவிட்டு, ரெண்டு ரிம்மையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு புதுப்பேட்டைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். ஏகாம்பரம் அண்ணன், வக்கீல் மாமா, ஏட்டு மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். சாயங்காலமே அப்பா முப்பத்தாறு ஓட்டை ரிம்மோடு திரும்பினார். பாய் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தாராம். மகள் நல்லா இருக்காங்களா என்று விசாரித்தாராம்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் கம்பி கோத்து, கோட்டம் எடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஆடாமல் ஓடியது. பத்து மணிக்குப் பரிசோதனை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன்.

கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவரின் வண்டி கிளம்பவே இல்லை என்பது உண்மைதான், ஆனால் அவரை நான் முந்தினேனா இல்லையா என்று யாரும் என்னோடு வாதாட வர வேண்டாம்.