அகத்தி மட்டும் கூடாது

“இது என்ன கீரை?” என்று ஆராவமுதன் கேட்டபோது மூன்று கவளம் உள்ளே போயிருந்தது. அதுவரை இடது கையில் விரித்திருந்த ருஷ்ய நாவலில் பனி பெய்துகொண்டிருந்தது. இலையில் என்ன விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை.

“கீரைதான்,” என்றாள் மனைவி கோமளம்.

“வெறும் கீரைன்னு லோகத்துல ஒண்ணு கிடையாதுடீ! முளைக்கீரை இருக்கு, அரைக்கீரை இருக்கு...”

“துவாதசியும் அதுவுமா வேற என்ன பண்ணுவா? அகத்தி.”

அவர் கை அந்தரத்தில் நின்றது. வயிற்றுப் புண்ணுக்கு மகாபலிபுரத்து வைத்தியர் தேவசகாயம் கொடுத்த பச்சை மாத்திரைக்கு நாற்பது நாள் பத்தியம். உப்பில்லை, புளியில்லை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காபியில்லை. இன்று முப்பத்தொன்பதாம் நாள். “கீரை சாப்பிடலாம். அகத்தி மட்டும் கூடாது. தின்னா மருந்து முறிஞ்சிடும், மறுபடியும் முதல் நாள்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்று வைத்தியர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

“நீங்கதானே கீரை சாப்பிடலாம்னேள்?”

“அகத்தி கூடாதுன்னு சொல்லலையா?”

“எங்கே சொன்னேள்? ‘கீரை’ன்னுட்டுப் புஸ்தகத்துக்குள்ளே போயிட்டேள்.”

வாந்தி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு சொம்பு உப்புத் தண்ணீரைக் குடித்தார். வாந்தி வரவில்லை.

“ஐயோ, உப்பும் கூடாதேன்னா!”

பக்கத்து வீட்டு சாரங்கபாணி ஜன்னல் வழியாக யோசனை சொன்னார். அதன்படி ஆராவமுதன் புளியைக் கரைத்துக் குடித்தார். வயிறு அதையும் பத்திரமாக வைத்துக்கொண்டது. புளியும் கூடாது என்பது டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இன்னும் நாற்பது நாள் காபி இல்லாமல்! மறைத்துவிடலாம்தான். ஆனால் வைத்தியர் நாடி பிடித்தால் தெரிந்துவிடுமே. பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழி நெடுக மன்னிப்பை ஒத்திகை பார்த்தபடி மகாபலிபுரத்தில் இறங்கினார்.

வைத்தியர் வெளியே போயிருந்தார். வாசலில் அவருக்கு மருந்து அரைக்கும் சின்னப்பொண்ணு, எதையோ பச்சைப்பசேலென்று அரைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சாமி, மூஞ்சி பேயறைஞ்ச மாறி கீது?”

“அகத்தியைத் தின்னுட்டேம்மா.”

அவள் குழவியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “அதுக்கா இம்மாந்தூரம் வந்தே? நீ துன்ற மாத்திரையே அகத்தி எலதான். இத்தினி நாளா அத்தத்தான் முழுங்கிக்கினு கீறே.”

ஆராவமுதனுக்கு உயிர் வந்தது. எதிர்க் கடையில் யாரோ காபி ஆற்றும் மணம் கூட மூக்கில் ஏறியது.

“அப்போ ஏன் அகத்தி மட்டும் கூடாதுன்னார்?”

“நல்லா கேட்டே போ! உன் வூட்டுக் கொல்லையில கீறதையே துன்னு வயிறு தேறிட்டா, எங்க வைத்தியர இன்னாத்துக்குத் தேடிக்கினு வருவே?”