கொலைக்கு முன் ஓர் உறுமல்

ஊரே பார்க்கட்டும், தன் மனைவி மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது என்று கீபோர்டுக்காரர் சபதம் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் பெயரில் வரும் படங்களுக்கு வாசித்து விரல் தேய்ந்த மனுஷன். திரையில் ஒரு தடவையாவது தன் பெயர் வராதா என்று ஏங்கி ஏங்கியே பாதித் தலை வழுக்கையாகிவிட்டது. இப்போது வரப்போகிறது. ஆனால் அதற்கான சரக்கு அவருடையது இல்லை. மனைவியின் தொண்டையிலிருந்து திருடியது.

அது அடிதடிப் படம். வில்லன் வாயே திறக்க மாட்டான், கொல்வான். "அவன் பேச வேண்டியதை இசை பேசணும். கேக்கறவனுக்குக் குலை நடுங்கணும்" என்றார் இசையமைப்பாளர். குலைநடுக்கம் பற்றிக் கீபோர்டுக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் அபத்தமாக ஏதாவது சொன்னால் மனைவி திட்ட மாட்டாள். அடித்தொண்டையிலிருந்து "ம்ம்ம்..." என்று ஓர் உறுமல் வரும். அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்காது.

மறுநாள் காலை சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால், போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு ஒளித்து வைத்தார்.

"எங்க அக்கா வீட்டுல பாத்திரமெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னும்" என்றார்.

உறுமல் வந்தது. வழக்கம்போல நழுவினார். அவள் குளிக்கப் போனதும் போனை எடுத்து, உறுமலை மட்டும் வெட்டி, வேகத்தைப் பாதியாக்கி, அடியில் ஒரு முரசைச் சேர்த்தார். கேட்ட இசையமைப்பாளருக்குக் கை மயிர் சிலிர்த்தது.

"எப்படிய்யா பண்ணினே?"

"மூணு நாள் தூக்கமில்ல சார். கீபோர்டுலயே கொஞ்சம் கொஞ்சமா செதுக்கினேன்."

"உனக்கு டைட்டில்ல தனி கார்டு!"

அந்தக் குஷியில், மிக்ஸிங்குக்கு ஒரிஜினல் ரெக்கார்டிங் வேண்டும் என்று சவுண்ட் இன்ஜினியர் கேட்டபோது, சொன்ன பொய்யையும் மறந்து போனில் இருந்ததை அப்படியே கொடுத்துவிட்டார்.

படம் வெளியான அன்று காலையில் மனைவி கேட்டாள்.

"நானும் வரட்டுமா?"

"ஒரே ரத்தம். உனக்கு ஒத்துக்காது."

"மியூசிக் நல்லா இருக்காமே?"

"எல்லாம் இரைச்சல். தலைவலிதான் மிச்சம்."

"நீங்க வாசிச்சதாச்சே?"

"நானா? பத்தோட பதினொண்ணு."

"சரி, போயிட்டு வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே இல்லை. புத்தியுள்ளவன் அங்கேயே உஷாராகியிருப்பான். இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

தியேட்டரில் விளக்கு அணைந்தது. டைட்டில் ஓடியது. அந்தத் தனி கார்டும் வந்தது. 'வில்லனின் குரல்' என்று போட்டு, கீழே அவர் மனைவியின் பெயர். முன்னால் இனிஷியல்கூட அவருடையது இல்லை, மாமனாருடையது. அவர் பெயர் எங்குமே இல்லை. முதல் கொலைக்கு முன்னால் உறுமல் அரங்கத்தையே அதிரவைத்தபோது, எல்லோரும் நடுங்கினார்கள். இவர் பழக்கதோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

இடைவேளையில் வெளியே வந்தால், பாப்கார்ன் வரிசையில் மனைவி நிற்கிறாள்.

"நீ... எப்படி?"

"மிக்ஸிங்குக்கு ஒரிஜினல் ரெக்கார்டிங் கேட்டாங்கன்னு அப்படியே தூக்கிக் கொடுத்தீங்களே, அதைக் கடைசி வரைக்கும் கேட்டீங்களா?"

"உறுமல் வரைக்கும் கேட்டேன்."

"அதுக்கப்புறம் நான் பேசியிருக்கேன். நீங்க நழுவினதும் டப்பாவை நகர்த்தினேன். போன் ஓடிக்கிட்டிருந்துச்சு. இது என் குரல், என்னைக் கேக்காம எடுக்கறார்னு சொல்லி, பேரும் நம்பரும் சொன்னேன்."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே!"

"நீங்க கேட்டுட்டு வந்து ஒரு வார்த்தை மன்னிப்பு கேப்பீங்கன்னு ரெண்டு மாசம் காத்திருந்தேன். நான் பேசறதை என்னைக்குத்தான் நீங்க முழுசா கேட்டிருக்கீங்க? சவுண்ட் இன்ஜினியர் கேட்டார். போன் பண்ணினார். போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்."

அவள் சொன்னதில் கோபம்கூட இல்லை, அதுதான் அதிகம் சுட்டது.

"அப்போ என் கதி?" என்றார், வெட்கத்தை விட்டு.

"ரெண்டாம் பாகம் ஆரம்பிக்கறாங்க. கீபோர்டுக்கு வேற ஆள் போட்டாச்சாம்."

"ஐயோ!"

"பதறாதீங்க, உங்களையும் வரச் சொல்லியிருக்காங்க. நேத்து மைக் முன்னாடி எவ்வளவு முயற்சி பண்ணியும் எனக்கு அந்த உறுமல் வரவே இல்லை. நீங்க எதிர்ல சும்மா உக்காந்திருந்தா போதும்னு நான்தான் சொன்னேன்."