மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கௌரவம்

பொதுமக்களின் உயிரைப் பொதுமக்களிடமிருந்தே காப்பாற்றும் பொருட்டு, இனி விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. நல்ல உத்தரவுதான். கருவியும் நல்ல கருவி. காரின் நெற்றியில் சின்னதாக ஒரு கேமரா. சாலையோரப் பலகையில் என்ன எண் இருக்கிறதோ அதை அது படித்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் ஆக்ஸிலரேட்டர் மேல் ஏறி நின்று குதித்தாலும் வண்டி அந்த எண்ணைத் தாண்டாது. அடுத்த பலகை வரும்வரை அதே வேகம்தான். பழைய கார்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. பழைய கார் மோதினால் அவ்வளவாக வலிக்காது என்று அரசு கருதியிருக்கலாம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்தச் சமயம் பார்த்துத்தான் புதுக் கார் வாங்கினார். பழையதை மச்சான் தலையில் கட்டிவிட்டு, வெள்ளை வெளேரென்று ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். முதல் நாள் காலையில் மனைவியைப் பள்ளிக்கூடத்தில் தானே கொண்டுபோய் விடுவதாக அறிவித்தார். மனைவி கணக்கு டீச்சர். தினமும் நடந்தே போய் நடந்தே வருபவர். சரி, மனுஷன் ஆசைப்படுகிறாரே என்று ஏறி உட்கார்ந்தார்.

கார் வாசலைவிட்டு நாலடி நகர்ந்ததும் பெருமூச்சு விட்டு அடங்கிப்போனது. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "வேக எல்லை மதிக்கப்படுகிறது. நன்றி" என்றது. கடைக்காரர் காலை அழுத்தினார். கார் ஆமை மாதிரி நகர்ந்தது. பக்கத்தில் காய்கறித் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் போனார். சும்மா போகவில்லை, இவரைத் தாண்டிப் போனார்.

அந்தத் தெரு குறுகலான ஒருவழிப் பாதை. எப்போதோ குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது, தெருத் தொடக்கத்தில், இவர் வீட்டை ஒட்டி, '5' என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் பள்ளத்தை மூடினார்கள். பலகையை மறந்துவிட்டார்கள். இத்தனை நாள் அதை யாரும் மதித்ததில்லை. இப்போது மதிப்பதற்கென்றே ஒரு ஜென்மம் பிறந்து வந்திருந்தது.

பாதித் தெருவில் டீச்சர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நிறுத்தச் சொல்லவில்லை; தேவைப்படவில்லை. முன்னால் நடந்துபோய், திருப்பத்தில் நின்று கையசைத்துவிட்டு மறைந்தார்.

கடைக்காரருக்கு அவமானம் தாங்கவில்லை. கடையை மூடிவிட்டு நேரே வட்டார அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் துணை இணை அதிகாரி. அந்த ஊரில் சாக்கடையிலிருந்து பள்ளிக்கூடம்வரை எதற்குக் குழு அமைத்தாலும் அவர்தான் தலைவர். அவ்வளவு நிதானமானவர். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கோப்பை வரவழைத்துப் பார்த்தார். பிறகு, குழாய் வேலை முடிந்து கோப்பும் மூடப்பட்டுவிட்டதால் அந்தத் தெருவில் பலகை எதுவும் கிடையாது என்று தெரிவித்தார்.

"சார், அது அங்கதான் நிக்குது. என் கார் பாக்குதே."

"உங்க கார் பாக்கறதுக்கெல்லாம் நாங்க பொறுப்பாக முடியுமா? எங்க கணக்குல அது இல்லை. இல்லாத பலகையை எடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

"அப்ப நானே பிடுங்கிப் போட்டுடறேன்."

"பிடுங்கினா அரசாங்கச் சொத்துக்குச் சேதம். கேஸ் ஆகிடும்."

"இல்லாத பலகைன்னு இப்பதானே சொன்னீங்க?"

"நீங்க பிடுங்கற வரைக்கும் இல்லை," என்றார் அதிகாரி அன்போடு. "பிடுங்கிட்டா இருந்ததா ஆகிடும்."

இதில் எந்த இடத்தில் தப்பு என்று கடைக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து டீச்சரிடம் சொன்னார். டீச்சர் கணக்குப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த ஆள் சொல்வது சரிதான், அதனால்தான் பயமாக இருக்கிறது என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. தெருவில் வக்கீல் ஒரு புதுக் கார் வாங்கினார். பிறகு நகைக்கடைக்காரர் வாங்கினார். அவையும் ஊர்ந்தன. பார்க்கிறவர்களுக்கு மெல்ல ஒன்று புரிந்தது: அந்தத் தெருவில் எது ஊர்கிறதோ அது புதுக் கார், எது விர்ரென்று போகிறதோ அது பழைய டப்பா. வேகமாகப் போகிறவனைப் பார்த்து ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். பாவம், என்ன கஷ்டமோ என்று இரக்கப்பட்டார்கள். மெதுவாகப் போகிற காருக்குள் இருப்பவர் யார், என்ன சட்டை, பக்கத்தில் யார் என்பதையெல்லாம் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். புதுக் கார் வாங்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நாலு தெரு தள்ளி இருப்பவர்கள்கூட மாலையில் சுற்றிக்கொண்டு வந்து இந்தத் தெரு வழியாக ஊர ஆரம்பித்தார்கள்.

கடைக்காரரின் அவமானம் எப்போது கௌரவமாக மாறியது என்று அவருக்கே தெரியாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் குசலம் விசாரித்தபடி கடைக்குப் போனார். பலகையைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. டீச்சர் மட்டும் வழக்கம்போல் நடந்தார்.

இப்படி இருக்கும்போது டீச்சருக்குத் தலைமையாசிரியை பதவிக்கு நேர்காணல் வந்தது. பல வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு. கூடவே போட்டிக்கு இரண்டு பேர். நேர்காணல் வட்டார அலுவலகத்தில். நடந்து போகும் தூரமில்லை. தெருமுனைக்குப் போய் பஸ் பிடிப்பதாக டீச்சர் சொன்னார். நேர்காணலுக்குப் பஸ்ஸில் போய் இறங்கினால் என்ன மரியாதை இருக்கும் என்று கடைக்காரர் கேட்டார். டீச்சர் அவர் காரில் ஏற மறுத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தார். அவனிடம் இருப்பது பழைய கார், கருவி கிருவி ஒன்றும் கிடையாது, பறந்துவிடலாம்.

தம்பி வந்தான். டீச்சர் ஏறினார். கார் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியது. பின்னாலேயே கடைக்காரரும் தன் காரில் வழியனுப்ப வந்தார்.

"என்னடா ஆச்சு வண்டிக்கு?"

"ஒண்ணும் ஆகலை அக்கா. நல்லாத்தான் ஓடுது."

"அப்ப ஏன் இப்படிப் போற? வேகமா ஓட்டு."

தம்பி கூச்சத்தோடு பின்கண்ணாடியைப் பார்த்தான். "இந்தத் தெருவுல எப்படிக்கா வேகமா போறது? எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க. நாலு பேர் பாத்தா பழைய கார்னு தெரிஞ்சுடுமே."

காரின் முன்கண்ணாடியில் கேமரா மாதிரி கறுப்பாக ஒன்று ஒட்டியிருப்பதை டீச்சர் அப்போதுதான் கவனித்தார். சட்டைப் பொத்தான். பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

முன்னால் கண்ணுக்கெட்டியவரை கார்கள். அவற்றில் ஒன்றில் துணை இணை அதிகாரி இருந்தார். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த கார். அதுவும் சட்டத்தை மதித்துக்கொண்டிருந்தது. டீச்சர் ஜன்னலருகே வந்து வணக்கம் சொன்னார். எங்கே இவ்வளவு அவசரமாக என்று அதிகாரி விசாரித்தார். அவரைப் பார்க்கத்தான், நேர்காணலுக்கு என்றார் டீச்சர்.

"அடடே, நானும் அதுக்குத்தான் போறேன். ஏறிக்கோங்க."

"வேண்டாம் சார். எனக்கு நேரமாச்சு."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நேர்காணல் தொடங்க வேண்டிய நேரம் ஆகிவிட்டது. அவர் நிதானமானவர்தான், ஆனால் குறித்த நேரத்தில் தொடங்காத எதையும் அவர் வாழ்க்கையில் நடத்தியதில்லை, தொடங்கியதை முடித்ததுதான் இல்லை. எனவே நேர்காணல் அங்கேயே தொடங்குவதாக அறிவித்தார். டீச்சர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"பள்ளிக்கூடத்தை முன்னேத்த என்ன திட்டம் வச்சிருக்கீங்க?"

"முதல்ல நான் கொஞ்சம் முன்னேறணும் சார். உங்க ஜன்னலைப் பிடிச்சதுல நடை குறைஞ்சிடுச்சு."

"வேக எல்லை மதிக்கப்படுகிறது. நன்றி," என்றது காரின் குரல்.

அதிகாரிக்குப் பதில் பிடித்துப்போனது. காரின் குரலையும் டீச்சரின் பதிலாகவே எடுத்துக்கொண்டார் என்று பிற்பாடு தெரிந்தது. சட்டத்தின்மீது ஆழ்ந்த மரியாதை உள்ளவர் என்று குறித்துக்கொண்டார். போட்டிக்கு வந்த இருவரும் அதே வரிசையில் எங்கோ பின்னால், அவரவர் புதுக் காருக்குள் கௌரவமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். இறங்கி நடக்க மனம் வரவில்லை. தெரு முடிவதற்குள் நேர்காணல் முடிந்தது. நேரத்துக்கு ஆஜரான ஒரே விண்ணப்பதாரர் என்ற முறையில் டீச்சர் தலைமையாசிரியை ஆனார்.

அன்று மாலை கடைக்காரர் மனைவியை நிமிர்ந்து பார்க்கவே தயங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே ஆரம்பித்தார். புத்தி கெட்டுப்போய் ஊர்ந்துவிட்டேன், இனி நீ சொன்னால் அந்த அதிகாரி கேட்பார், முதல் வேலையாக அந்தப் பலகையைத் தொலைத்துவிடச் சொல் என்றார். மனதாரத்தான் சொன்னார். டீச்சருக்கும் மனம் நெகிழ்ந்துவிட்டது. மறுநாளே போய் அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரி மறுக்கவில்லை. இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் கேட்கும்போது பலகை இருப்பதாகக் கொள்வதில் தடையில்லை என்றார். அன்றைக்கே அகற்றிவிட ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் இன்னொரு சேதியும் சொன்னார். தலைமையாசிரியைக்கு அரசு சார்பில் டிரைவரோடு ஒரு கார் உண்டு. திங்கட்கிழமை வருகிறது. புத்தம் புதுசு.

டீச்சர் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"சார், பலகையை எடுக்க அவசரம் ஒண்ணும் இல்லையே? அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

"அடுத்த மாசம் என்ன, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்," என்றார் அதிகாரி. "நானும் உங்க தெருவுலதான் வீடு பாத்துக்கிட்டு இருக்கேன்."

பக்கத்துத் தெருக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டுச் சும்மா இருப்பார்களா? தங்கள் தெருவுக்கு '4' போட்டுத் தரும்படி மனு கொடுத்திருக்கிறார்கள், பரிசீலனையில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை டீச்சர் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். கார் ஊர்ந்தது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. கடைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, மனைவியின் காரோடு பேசிக்கொண்டே நடந்து வந்தார். பாதித் தெருவில் டீச்சர் தலையை வெளியே நீட்டி, யாருக்கும் கேட்காதபடி மெல்லச் சொன்னார்:

"என்னங்க, கொஞ்சம் பின்னாடி வாங்களேன். ஜன்னலை மறைக்கறீங்க."