மூன்று சர்வர், மூன்று 'ஓகே'

ஒரு வேலையை ஒரே விதமாகச் செய்பவன் சாதாரண மனிதன். அதையே மூன்று விதமாகச் செய்தால்தான் அது நிர்வாகம். இந்த மாபெரும் உண்மையை நிலைநாட்டிய பெருமை அந்த ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தையே சாரும்.

அங்கே மூன்று சர்வர்கள். மூன்று அதிகாரிகள் ஆளுக்கொன்றாக வாங்கியவை. கரண்ட் போய் வந்தால் எந்தச் சேவையை முதலில் எழுப்புவது, எதை அடுத்து எழுப்புவது என்று சர்வருக்குச் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைப் பட்டியல், வேண்டும். ஒன்றுக்கு எழுதும் பாணி மற்றதற்குப் புரியாது. பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி. மூவரையும் அனுசரித்துப் போவது கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சிஸ்டம்காரரின் தலையெழுத்து.

ஒரு நாள் அவர் 'சீராய்வுக் கூட்டத்தில்' எழுந்து நின்றார்.

"சார், மூணாவது சர்வர்ல போன் சேவை, நெட்வொர்க் வர்றதுக்கு முன்னாடியே எழுந்துக்குது. எழுந்த வேகத்துல படுத்துடுது. ஆனா திரையில ஓகேன்னு வருது."

"வருதுல்ல? அப்புறம் என்ன?" என்றார் பெரிய அதிகாரி.

"வருது சார். ஆனா ஓடல."

"என்னய்யா, காலையில சாப்பிட்டியா இல்லியா?"

'ஸ்கிரிப்டின் கடைசி வரி ஓகே என்றே அமைய வேண்டும். மேலிடத்தின் நம்பிக்கை முக்கியம்' என்று சுற்றறிக்கை விட்டவரே அவர்தான். கைகட்டி அந்த வரியை எழுதியவர் சிஸ்டம்காரர்.

"ஓடுதான்னு பாத்துட்டு ஓகே போடுற மாதிரி மாத்திடறேன் சார். ரெண்டே வரி."

"ஒரு சர்வரை மட்டும் தொட்டா மத்த ரெண்டு அதிகாரிங்க மனசு என்ன பாடுபடும்? மூணுலயும் மாத்தணும். மூணு பேரும் கையெழுத்துப் போடணும்" என்றார் துணை அதிகாரி.

"சரி, மாத்தினா திரையில சிவப்பு வருமா?" என்றார் பெரியவர்.

"ஓடலன்னா வரும் சார்."

"அப்ப கோளாறைக் கொண்டு வர்றதே நீதான்! ரெண்டு வருஷமா ஒரு சிவப்பு பாக்காத ஆபீஸ்யா இது!"

உடனே 'இசைவுக் குழு' அமைக்கப்பட்டது. சிஸ்டம்காரர் "சரிங்க சார்" என்று உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவருக்குப் பத்தொன்பது வருஷம், உட்காரப் பழகியிருந்தார்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. திரையில் மூன்று 'ஓகே', பச்சைப்பசேலென்று. மேற்குத் தெருக்களின் அழைப்புகள் மூன்றாவது சர்வருக்குத்தான் வரும். மதியம் இரண்டு மணிவரை ஒன்றுகூட வரவில்லை. ஊரே ஆரோக்கியமாக இருக்கிறது என்று அலுவலகம் பூரித்தது.

நாலு நாள் கழித்து மேற்குத் தெருவிலிருந்து ஒரு அம்மா கையில் போனோடு வந்தார்.

"பதினாலு தடவை அடிச்சேன் சார். மணியே அடிக்கல. என் வீட்டுக்காரர் வாசப்படியிலயே போயிட்டாரு."

பெரிய அதிகாரி அன்றைய 'ஓகே' அச்சான தாளை நீட்டினார். "பாருங்கம்மா, பதினொண்ணு அஞ்சுக்கு ஓகே. உங்க போன்லதான் ஏதோ கோளாறு."

அந்த அம்மா தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற சிஸ்டம்காரரிடம் கேட்டார்:

"இதை மெஷினாப்பா எழுதுச்சு?"

"இல்லம்மா. நான்தான். ஓடுதான்னு பாக்காமலே எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன்."

புகார் முறைப்படி மூன்று பிரதிகளாகப் பதிவானது. மூன்று அதிகாரிகளும், ஒருவர்கூடப் படித்துப் பார்க்காமல், ஆளுக்கொரு பிரதியின் கடைசி வரியில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்: 'ஓகே.'