சம்பலோடு போன சம்பந்தம்

சிவமயம்

முள்ளியவளை,
12.06.1994

அன்புள்ள மச்சான் தயாபரனுக்கு,

நாங்கள் சுகம், உமது சுகத்துக்கு வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறோம் என்று தொடங்குவதுதான் மரியாதை. வேண்டியது உம்முடைய அக்கா. நான் வேண்டவில்லை. நான் சுகமாகவும் இல்லை. காரணம் நீர்.

கனடாவில் இருக்கிற ஒரு மனிதன் வன்னியில் இருக்கிற அக்காவுக்கு எதை அனுப்புவான்? ஒரு சேலை அனுப்பலாம். குளிக்க நல்ல சவர்க்காரம் அனுப்பலாம். நீர் அனுப்பியது மிளகாய் விதை. பரம்பரையாக மிளகாய் நடுகிறவன் வீட்டுக்கு மிளகாய் விதை! அதுவும் ஐந்து நாட்டு விதைகள், ஒவ்வொரு பொட்டலத்திலும் இங்கிலீசில் பெயர். வவுனியாவில் சோதனை போட்ட ஆமிக்காரர்கள் ஐந்தையும் கிழித்து ஒரே பைக்குள் கொட்டிவிட்டார்கள். எது எதுவென்று ஒருவருக்கும் தெரியாது, எறிவோம் என்றேன். "என்ர தம்பி ஆசையா அனுப்பினது. எறிஞ்சியள் எண்டால் நானும் வெளிக்கிட்டுப் போவன்" என்றா உம்முடைய அக்கா. ஆகவே பெயின்ற் வாளி, ஓட்டைக் கிடாரம், உடைந்த பானை என்று வீட்டில் அகப்பட்டதிலெல்லாம் மண் நிரப்பி நட்டோம். என் சொந்தத் தோட்டம் காயக் காய, உமது கன்றுகளுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளி அள்ளி என் தோள்மூட்டு விட்டுப்போயிற்று.

காய்த்தனவே, அது என்ன காய்! ஒன்று தக்காளி மாதிரி வீங்கியது. மீன்குழம்பில் போட்டால் பூசணிக்காய் தின்றதுபோல் இருந்தது, உறைப்பு மருந்துக்கும் இல்லை. இன்னொன்று கத்தரிப்பூ நிறம். அதைப் போட்ட சொதி மைப்போத்தலைக் கவிழ்த்தது போலாயிற்று. மூன்றாவது காய் செம்மஞ்சளாய், சுருங்கி, பார்க்கப் பரம சாது. ஒன்றைக் கொத்திய எங்கள் சேவல் இரண்டு நாள் கூவவில்லை. அப்போதே பிடுங்கியிருக்க வேண்டும்.

வற்றாப்பளைப் பொங்கல் முடிய, எங்கள் பிள்ளை தாட்சாயினியைப் பெண் பார்க்க ஒட்டுசுட்டானிலிருந்து வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. எல்லாக் கதையும் தாய்மாமன் வீரகத்திதான். கதிரையில் குந்தியதும், "பிள்ளை தொண்டர் ஆசிரியையாம். கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடக் கதை வேண்டாம்" என்றார். பெண்ணைப் பெற்றவன் நான் என்ன செய்வது? ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பிறகு இடியப்பமும் சம்பலும் வந்தன. அவருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கோப்பைச் சம்பல். "எனக்கு உறைப்பெண்டால் உயிர்" என்று சொல்லிக்கொண்டே அள்ளிப் போட்டார்.

மச்சான், அந்த மனிதனின் முகம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. வாயில் சத்தம் இல்லை. கையால் கண்ணைத் துடைத்தார். அதோடு கண்ணும் போயிற்று. வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகக் கிணற்றடிக்கு ஓடி வாளிக்குள் தலையை விட்டார். "இந்த வீட்டுச் சம்பந்தம் ஏழு சென்மத்துக்கும் வேண்டாம்!" என்று வாளிக்குள் இருந்தபடியே சொன்னார். பிறகு எல்லோரும் சைக்கிளில் ஏறிப் போனார்கள், வீரகத்தி தெரு முழுக்க அழுதழுது. அதைப் பார்த்த சனம் என்ன நினைக்கும்? கொஞ்ச நேரத்தில் அயல்வீட்டுச் சிவலட்சுமி எங்கள் வாசல் படலையில் நின்று, "ஐயோ என்ர ஏரம்பு அண்ணை!" என்று ஒப்பாரி வைக்கத் தொடங்கினா. நான் உயிரோடு எழும்பிப்போய் "நான் சாகேல்லை" என்று சொன்னதில் அவவுக்குக் கோபம். ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை. பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தது யார்? நீர்! உமது விதை! உமது இங்கிலீசு மிளகாய்!

நீரும் கமலாசனியும் பிள்ளைகளும் பல்லாண்டு வாழ்க. எங்களுக்கு ஒன்றும் அனுப்பாமல் வாழ்க.

இப்படிக்கு,
உமது அத்தான்
க. ஏரம்பு

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் தாட்சாயினி தேத்தண்ணீர் கொண்டுவந்து, யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"மாமாவைப் பேசாதேங்கோ அப்பா. அது சேவல் கொத்தின மிளகாய் எண்டு எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சுதான் அந்தாளுக்குத் தனிய இடிச்சு வச்சனான்."

"ஏனடி?"

"பள்ளிக்கூடத்தை விடச் சொன்னவரெல்லோ. நீங்களும் ஓம் எண்டியள். உங்கட கோப்பையிலயும் போடத்தான் இருந்தனான். அம்மாதான் மறிச்சவா."

மச்சான், உம்முடைய அக்காவுக்கும் முழுதும் தெரிந்திருக்கிறது! குசினிக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. எழும்பிப் போய், நாளைக்குப் பள்ளிக்கூடம் போக அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தேன். இங்கே எழுதுதாளுக்குப் பெரிய தட்டுப்பாடு, திரும்ப எழுத வழியில்லை. ஆகவே மேலே உம்மைத் திட்டிய இடங்களிலெல்லாம் என் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளும்.