ஏமஸ் கிராட் கல்லறையில் என் தொப்பி

மதிப்பிற்குரிய மச்சான் ரோலண்ட் அவர்களுக்கு,

வெண்டல் எழுதுவது. இங்கே ஒஹாயோவில் நானும் பூனையும் சுகம். அங்கே நீங்களும், வியாழக்கிழமை பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட என் மனைவி ஓபலும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

உங்கள் தங்கை என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நம் ஹெரான்ஸ் அணி தொடர்ந்து பதினோரு ஆட்டம் ஜெயித்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ரசிகன் தன் தொப்பியைத் துவைத்தால் அணியின் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது பேஸ்பால் பார்க்கிற எவனுக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. "இந்த வீட்டுல நான் இருக்கணுமா, இந்த நாத்தம் புடிச்ச தொப்பி இருக்கணுமா, சொல்லுய்யா" என்றாள். நான் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு மச்சான், வேறொன்றும் செய்யவில்லை.

அவள் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. காபி போட்டால் இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறேன். சரி, தொப்பியைத் தலைமுழுகிவிடுவது என்று முடிவெடுத்தேன். குப்பையில் போட மனம் வருமா? சனிக்கிழமை, நம் ஊர் பெரிய பந்துவீச்சாளர் ஏமஸ் கிராட்டின் கல்லறைக்கு எடுத்துப் போனேன். ரசிகர்கள் வைத்த பந்துகள், தொப்பிகள், பீர் டப்பாக்கள், கடுகு தடவிய ஹாட் டாக் ஒன்றுகூட இருந்தது. நடுவில் தொப்பியை வைத்து, "பெரியவரே, நீங்களே வச்சுக்குங்க, எனக்கு எம் பொண்டாட்டி போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் ஹெரான்ஸ் ஒன்பதுக்குப் பூஜ்ஜியம் என்று மண்ணைக் கவ்வியது.

திங்கட்கிழமை விடிந்ததும் தொப்பியைத் திரும்ப எடுக்க ஓடினேன். கல்லறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தோட்டக்காரர் வெர்னன், "திங்கக்கெழமையானா எல்லாத்தையும் வாரிடுவேன். தொப்பிங்க அந்தப் பெட்டியில கெடக்கு, தேடிக்க" என்றார். உள்ளே நாற்பது நீலத் தொப்பி, எல்லாம் ஒரே அச்சு. வேறு வழி? ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். ஒருத்தனும் துவைக்கலை மச்சான்! இருபத்தாறாவதுதான் என்னுடையது. வெர்னன் சிரித்துக்கொண்டே, "எம் பொண்டாட்டியும் ஒரு தொப்பிக்காகத்தான் கோவிச்சிக்கிட்டுப் போனா. சீசன் முடிஞ்சா வந்துடுவான்னு விட்டுட்டேன்" என்றார்.

"வந்தாங்களா?"

"இது ஒம்பதாவது சீசன்."

நேரா வீட்டுக்கு வந்து தொப்பியைத் துவைச்சுட்டேன். ரெண்டு தரம், சோப்பு போட்டு, தேய்ச்சு. சத்தியமா மச்சான், ஓபல் இல்லாம என்னால முடியலை. இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளை பஸ் ஏற்றி விடுங்கள். வெள்ளிக்கிழமை நிலையத்தில் பூங்கொத்தோடு நிற்பேன், சுத்தமான தொப்பியோடு.

உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் விட்டுப் போகட்டும்.

பணிவுள்ள மைத்துனன்,
வெண்டல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரேடியோவில் இன்றைய ஆட்டம் முடிந்தது. பதினான்குக்கு இரண்டு, ஹெரான்ஸ் வெற்றி! தொப்பியைத் துவைத்ததாலா, ஓபல் உங்கள் வீட்டில் இருப்பதாலா, தெரியவில்லை. இந்த நேரத்தில் எதையும் மாற்றுவது சரியில்லை, நீங்களும் ரசிகர்தானே. சீசன் முடியும்வரை அவள் அங்கேயே இருக்கட்டும். தலையணை மாறினால் அவளுக்குத் தூக்கம் வராது. அவள் தலையணையைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன்.